கோவா போகாத கோடை

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் பயம். நீச்சல் தெரியாது. அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கும்போதுகூட கம்பிவேலியிலிருந்து தள்ளித்தான் நடப்பார். அப்படிப்பட்ட அர்ஜுனன் இந்த மே மாதம் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கடற்கரை கடற்கரையாகப் படகில் ஏறி இறங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் ஏறினார். எல்லாம் சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகன் கிஷோருக்காக. அது அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான்.

நான் சாந்தகுமாரி. பெங்களூரில் தொம்மலூரின் பழைய ஊர்ப் பக்கம், கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. கார்மென்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். ஹால் முழுக்கத் தையல் மெஷின்கள் ஓடும் சத்தத்தையும் மீறிக் கத்தி வேலை வாங்கியிருக்கிறேன். அந்தக் குரல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கத்துவதற்குத்தான் ஆள் இல்லை. இவர் பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். வாழ்நாள் முழுவதும் இரும்புத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து ‘ஓகே’ அல்லது ‘ரிஜெக்ட்’ என்று சொன்னதிலேயே, அதற்கு மேல் பேச்சு அவருக்குத் தேவைப்படாமல் போய்விட்டது.

இருவரும் வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. எதிர் வீட்டு முத்தம்மா மகளோடு ஓசூருக்குப் போய்விட்டாள். அந்த வீட்டை இடித்து, வேலைக்குப் போகும் பிள்ளைகள் தங்கும் பி.ஜி. விடுதி கட்டிவிட்டார்கள். அதில் இருக்கும் பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, முதுகில் பையோடு போகிறார்கள், வருகிறார்கள். நான் சிரித்தால் சிரிப்பார்கள். முகம் பழகுவதற்குள் வேறு பிள்ளைகள் வந்துவிடும். இருவருக்கு மட்டும் சமைக்க எனக்கு இன்னும் கை பழகவில்லை. எப்படிப் போட்டாலும் சோறு மீந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் ஜூன் மாதம் பள்ளிக்கூட லீவு. பேத்தி பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து கிஷோர் ஜூனில்தான் வருவான். அவன், மருமகள் தீபிகா, பேத்தி இளவேனில் மூவரும் வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போவார்கள். பிறகு அது ஒரு வாரமாகக் குறைந்தது. போன வருஷம் ஏதோ ஆபீஸ் வேலை என்று வரவே இல்லை. இந்த வருஷம் நான் ஜனவரியிலேயே ஜாடைமாடையாகக் கேட்க ஆரம்பித்தேன். “பார்க்கலாம்மா” என்றான். ஏப்ரலிலும் அதே பார்க்கலாம்தான். இந்த ஜூனில் அவன் வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். நகை நட்டு எதுவும் கேட்கவில்லை.

“ஒரு வார்த்தை வாடான்னு சொல்லிடுங்களேன்” என்று இவரிடம் சொன்னேன்.

“நான் கூப்பிட மாட்டேன். நீயும் கூப்பிடாதே. அவனுக்குத் தோணினா வரட்டும்.”

இது இவர் போட்ட சட்டம். அதற்குக் காரணம் என் மாமனார். திருப்பத்தூர்ப் பக்கத்தில் இருந்த அந்த மனிதருக்கு மகனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் நேரே தந்தி ஆபீசுக்குப் போவார். ‘அப்பா சீரியஸ், உடனே புறப்படு.’ இவர் பீன்யாவில் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாக லீவு வாங்கி, பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தால், அப்பா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருப்பார். “வந்துட்டியா? வா, வா. கோழி அடிக்கச் சொல்றேன்” என்பார். இரண்டாம் தடவையும் இதே கூத்து நடந்தபோது, இவர் வீட்டுக்குள்ளேயே போகாமல் திரும்பி வந்துவிட்டார். என் பிள்ளையை நான் எந்தக் காலத்திலும் கூப்பிட மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தவர்தான். அப்போது கிஷோர் பிறக்கக்கூட இல்லை. சொன்ன சொல்லில் நிற்பதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கிஷோருக்கும் இந்தக் கதை தெரியும். சின்ன வயதில் இதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பான். அதனால் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே போன் செய்வான். நாங்கள் நல்லா இருக்கிறோம் என்போம். அவனும் நல்லா இருக்கிறேன் என்பான். நல்லா இல்லாதவர்கள் யாருமே இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் இவர், “டூர் போகலாம், சாந்தா. உடுப்பியில ரூபினி வீடு இருக்கு. அங்கிருந்து கடற்கரை ஓரமாவே சுத்திட்டு, மே முடியறதுக்குள்ள வந்துடலாம்” என்றார். ரூபினி என் தங்கை மகள். அவளும் அவள் வீட்டுக்காரர் உமேஷும் உடுப்பியில் பாங்கில் வேலை செய்கிறார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மைசூருக்குக் கூப்பிட்டால் இடுப்பு வலி என்பவர் இவர்.

“என்ன திடீர்னு?”

“போன்ல போட்டோ போடலாம். அப்பா அம்மா ஜாலியா இருக்காங்கன்னு அவன் பாக்கட்டும். நாம அவனுக்காகவே உக்காந்துட்டு இருக்கோம்னு நினைச்சுட்டான்னா, பாவம்னு வருவான். அப்படி வந்தா அது வர்றதா?”

மே முடிவதற்குள் வந்துவிட வேண்டும் என்றதை நான் கவனித்தேன். ஜூனில் வீட்டில் இருக்க வேண்டுமாம். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாராம். சரி, நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கடலையாவது பார்க்கலாம் என்று நானும் பெட்டியைக் கட்டினேன்.

முதல் படகு மல்பேயில். அங்கிருந்து செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போகும் பெரிய படகு. மழைக்காலம் வந்தால் நிறுத்திவிடுவார்கள் என்பதால் நல்ல கூட்டம். படகு கிளம்பி அலையில் ஒரு தூக்குத் தூக்கியதும் இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் நெளிந்துவிட்டது. ஆனால் போனை நீட்டிப் போட்டோ எடுக்கும்போது மட்டும் பிடித்த கையைக் கீழே மறைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார். கல்யாண போட்டோவில்கூட அப்படிச் சிரித்ததில்லை. படத்தைப் பார்த்தால் இருவரும் பெரிய உல்லாசிகள் மாதிரி இருந்தோம்.

‘நம்ம குடும்பம்’ என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்குப் பெயர். அதில் கிஷோர், தீபிகா, ரூபினி, நாங்கள் அவ்வளவுதான். இவர் அதில் படத்தைப் போட்டு, கீழே எழுதினார்: ‘இடம்: மல்பே. கடல்: அமைதி. உணவு: திருப்தி. உடல்நலம்: ஓகே.’ பீன்யாவில் ரிப்போர்ட் எழுதிய கை. தீபிகா வரிசையாக இதயங்கள் அனுப்பினாள். கிஷோர், “சூப்பர்ப்பா, என்ஜாய்” என்றான். இவர் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார்.

தீவில் இறங்கினால் கறுப்புக் கல் தூண்களாக நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் கும்பல் கும்பலாகத் தண்ணீரில் விளையாடினார்கள். நாங்கள் ஒரு தென்னை நிழலில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தோம். படகுக்காரர் பீடி குடிக்க ஒதுங்கியவர் பக்கத்தில் வந்து, “மக்களு பந்தில்வா, அம்மா?” என்று கன்னடத்தில் கேட்டார். பிள்ளைகள் வரவில்லையா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“பர்த்தாரே. ஜூன்னல்லி பர்த்தாரே.”

வருவார்கள், ஜூனில் வருவார்கள். முன்பின் தெரியாத படகுக்காரரிடம் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரூபினி நல்ல பெண். முதல் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு இருந்தாள். கிருஷ்ணன் கோயில், காப்புக் கடற்கரையின் கலங்கரை விளக்கம் என்று உமேஷ் காரில் கூட்டிப்போய்க் காட்டினார். மூன்றாம் நாள் இருவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். “ஃபிரிட்ஜ்ல எல்லாம் இருக்கு, பெரியம்மா. சூடு பண்ணிக்குங்க” என்றாள். தொம்மலூரில் உட்கார்ந்திருந்த மாதிரியே உடுப்பியில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்திருந்தோம். அங்கேயாவது தெருச் சத்தம் கேட்கும். இங்கே லிஃப்ட் போகிற சத்தம்தான். சாயங்காலம் களைத்து வந்த பெண்ணுக்கு நாங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு வேலையாகிவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் புரிந்தது.

“கிஷோர் அண்ணா இந்த வருஷமாச்சும் வர்றாங்களா, பெரியப்பா?” என்று சாப்பிடும்போது கேட்டாள்.

“அவனுக்கு அங்க ஏகப்பட்ட வேலைம்மா. நாங்களும் இங்க பிசி. பாக்கறே இல்ல, மூச்சு விட நேரமில்ல” என்றார் இவர்.

உமேஷ் சிரித்தார். “அங்கிள் ரிடையர் ஆன மாதிரியே இல்ல” என்றார். இவர் சந்தோஷப்பட்டார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

அங்கிருந்து வடக்கே போனோம். முருடேஸ்வரத்தில் பெரிய சிவனை அண்ணாந்து பார்த்துப் போட்டோ. பிறகு ஹொன்னாவரத்தில் சராவதி ஆறு கடலில் சேரும் இடத்தில் படகு. இரண்டு பக்கமும் அலையாத்திச் செடிகள், தண்ணீருக்குள் வேரை ஊன்றிக்கொண்டு. இங்கே அலை இல்லை. இருந்தாலும் இவர் என் மணிக்கட்டை விடவில்லை.

அந்தப் படகில் எங்களோடு ஹூப்ளியிலிருந்து வந்த ஒரு குடும்பமும் ஏறியது. இவர் வயதில் ஒரு பெரியவர், அவருடைய மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். பெரியவருக்கு முட்டி வலி. மகன் அவரை இடுப்பைச் சுற்றிப் பிடித்து, “மெல்லகே அப்பா, மெல்லகே” என்று குழந்தையை இறக்குவதுபோலப் படகில் உட்கார வைத்தான். ஜாக்கெட்டின் பட்டையை அவனே மாட்டிவிட்டான். பெரியவர் எங்களைப் பார்த்து, தான் வரமாட்டேன் என்று சொல்லியும் மகன் கேட்காமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டதாக அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பில் எவ்வளவு பெருமை! தட்டை, முறுக்கு எல்லாம் எங்களுக்கும் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே இவர் போனை எடுத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். வழக்கமான ரிப்போர்ட் என்று நினைத்தேன். லாட்ஜுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ‘இடம்: ஹொன்னாவரம். படகு: அருமை. அடுத்த திட்டம்: ஜூன் மாதம் முழுவதும் கோவா.’

“கோவாவுக்கு யாருங்க போறா?”

“யாரும் போகல. சும்மா போட்டேன்.”

“சும்மாவா? ஜூன்ல அவன் வர்றதா இருந்தா?”

“வர்றதா இருந்தா கேட்பான். கோவா எப்போன்னு கேட்பான். தேதி மாத்திக்கோங்க, நான் வர்றேன்னு சொல்லுவான். சொல்லட்டுமே.”

அப்போதுதான் அந்த மனிதர் போட்ட கணக்கு எனக்கு விளங்கியது. கூப்பிடாமலே பிள்ளையை வர வைக்கும் கணக்கு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “முதல்ல அதை அழிங்க” என்று கத்தினேன். பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும். “எல்லாரும் பாத்தாச்சு. அழிச்சா என்ன நினைப்பாங்க?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். தீபிகா அதற்குள் ஒரு விமானப் படமும் ஒரு தென்னை மரப் படமும் அனுப்பியிருந்தாள். கிஷோர் ஒன்றும் எழுதவில்லை.

மே கடைசி வாரம் தொம்மலூருக்குத் திரும்பினோம். கடலோரப் புழுக்கத்திலிருந்து வந்ததற்குப் பெங்களூர்க் காற்று உடம்புக்கு இதமாக இருந்தது. நான் கிஷோர் வந்தால் படுக்கும் அறையைக் கழுவினேன். மெத்தையை மாடிக்குத் தூக்கி வெயிலில் போட்டேன். இவர் எதுவும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார். அந்த அறையின் ஃபேன் கிரீச் என்று சத்தம் போடும். ஏணியைப் போட்டு ஏறி எண்ணெய் விட்டுவிட்டு, கீழே நின்று வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார். “ஓகே” என்றார். இளவேனிலுக்குப் பிடிக்கும் என்று நான் ராகி மாவு அரைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிஷோர் போன் செய்தான். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னப்பா, ஊர் சுத்தி முடிச்சாச்சா? கலக்கறீங்க ரெண்டு பேரும். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் உங்க படகு போட்டோவைக் காட்டினேன்.”

“ஆமா, ஆமா. நல்ல ட்ரிப்பு.”

“கோவாவுக்கு டிக்கெட் போட்டாச்சா?”

இவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் காத்திருந்த கேள்வி இது. “இன்னும் போடல. ஏன் கேக்கறே?” என்றார்.

“போட்டுடுங்கப்பா, கடைசி நேரத்துல கிடைக்காது. ஜூன்ல பெங்களூர் வரலாம்னுதான் நானும் தீபிகாவும் பேசிட்டு இருந்தோம். அப்புறம் உங்க மெசேஜைப் பாத்தோம். நீங்க இல்லாத வீட்டுக்கு வந்து என்ன பண்றது? நாங்க வந்தா உங்க ப்ரோக்ராம் வேற கெட்டுப்போகும். அதான் வியட்நாமுக்கு புக் பண்ணிட்டோம். நீங்களே ஜாலியா இருக்கிறதைப் பாத்தா எனக்கு மனசுக்கு நிம்மதியா இருக்குப்பா. தனியா கஷ்டப்படறீங்களோன்னு முன்னெல்லாம் கவலையா இருக்கும்.”

சொல்லிவிடுங்கள், கோவாவெல்லாம் பொய் என்று இப்போதே சொல்லிவிடுங்கள் என்று நான் கையை ஆட்டினேன். இவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

“நல்லது. பாத்து பத்திரமா போயிட்டு வாங்க. குழந்தைக்கு வெளித் தண்ணி குடுக்காதீங்க” என்றார்.

போனை வைத்ததும் திட்ட வேண்டும் என்று வாய்வரைக்கும் வார்த்தை வந்தது. அவர் எழுந்து அந்த அறைக்குப் போனார். விரித்து வைத்திருந்த புது பெட்ஷீட்டை எடுத்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. உதறி மறுபடி மடித்தார். எனக்குத் திட்ட வரவில்லை. அடுக்களைக்குப் போய் நின்று அழுதேன். நாங்கள் தனியாகத்தான் இருக்கிறோம், இனிமேலும் இப்படியேதான் இருக்கப்போகிறோம் என்று அன்றைக்கு எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். அதுவரை சொன்னதில்லை.

மறுநாள் காலை இவர் காய்கறி வாங்கக் கடைக்குப் போனார். நான் போனை எடுத்து, கிஷோரைக் கூப்பிட்டேன். அவன் ஆபீசில் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் நாங்கள் கூப்பிட்டதே கிடையாது. கை எங்கேயோ பட்டு ஸ்பீக்கர் வந்துவிட்டது. முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.

“அம்மா! என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகலடா. நீ ஜூன்ல இங்க வா. அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன்.”

அந்தப் பக்கம் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. வேகமாக நடந்து எங்கேயோ போகிறான் என்று தெரிந்தது. “அப்பா எங்கம்மா?”

“கடைக்குப் போயிருக்காரு.”

“எந்தக் கடைக்கு? அம்மா, மறைக்காதே. நீ வான்னு சொல்ற ஆளே கிடையாது. அப்பாவுக்கு நெஞ்சு வலியா? எந்த ஹாஸ்பிடல்ல இருக்கீங்க? ரூபினியை வரச் சொல்லட்டுமா?” அவன் குரல் உடைந்தது. “அழாம இரும்மா. நான் இன்னிக்கே வர்றேன். இதோ இப்பவே டிக்கெட் பாக்கறேன். சாயங்கால ஃப்ளைட்டுல ஏறிடறேன்.”

நான் அழவில்லை. அவன்தான் அழுதான். என் பிள்ளை, எனக்காக இன்றைக்கே வருகிறேன் என்கிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராத்திரிக்குள் வாசலில் வந்து நிற்பான். மெத்தை தயார், ஃபேன் தயார். வந்த பிறகு கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். திட்டினால் திட்டட்டும், அந்தத் திட்டையும் நேரில் கேட்கலாம். என் மாமனாரை இத்தனை வருஷம் கல்நெஞ்சக்காரர் என்று பழித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் எப்படி ஏங்கிப்போய்த் தந்தி ஆபீஸ் கவுண்டரில் நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். வாசற்படியில் இவர் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகன் அழுவதைக் கேட்டுக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லடா, கண்ணு” என்றேன். “அப்பா நல்லா இருக்காரு. இதோ வந்துட்டாரு. யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு கோபம் வந்துவிட்டது. “ஏம்மா இப்படி பயமுறுத்தறே? மீட்டிங்கை விட்டுட்டு வெளிய ஓடி வந்திருக்கேன். ஒண்ணும் இல்லன்னா எதுக்கு திடீர்னு வரச் சொல்றே?”

“உடம்புக்கு ஏதாச்சும்னா நீ தானா ஓடி வருவே. அதான் இப்ப பாத்தேனே. அப்படி ஓடி வந்து, ஐ.சி.யூ. வாசல்ல உக்காந்துட்டு என்னடா பண்ணப்போறே? எங்களுக்கு ஒண்ணும் இல்லாதப்பவே வாடா. நான் செஞ்சதை உக்காந்து சாப்பிடு. அப்பாகிட்ட நாலு வார்த்தை பேசு. அதுக்குத்தான் கூப்பிடறேன்.”

என் குரல் பெரிய குரல். தெருவில் போன ஒரு பி.ஜி. பெண் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“நீங்கதானேம்மா கோவா…” என்று கிஷோர் இழுத்தான்.

இவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். சமாளித்து அனுப்பிவிடப் போகிறார், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“கிஷோர்” என்றார். “கோவா போகலடா. அது சும்மா போட்டது.”

“ஏம்ப்பா?”

“வீட்லதான் இருக்கோம்” என்றார். “ஜூன் பூரா வீட்லதான் இருக்கோம்.” அவ்வளவுதான். போனை என்னிடம் நீட்டிவிட்டு, காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

“உங்கப்பா உன்னைக் கூப்பிடறாருடா” என்றேன். “அவருக்கு இதுக்கு மேல கூப்பிடத் தெரியாது.”

கிஷோர் மூக்கை உறிஞ்சினான். வியட்நாமுக்குப் பணமெல்லாம் கட்டியாகிவிட்டது, குழந்தை ஆசையாக இருக்கிறாள், அதை மாற்ற முடியாது என்றான். தெரியும் என்றேன். “அங்கிருந்து திரும்பினதும் நான் மட்டும் வரேன்மா. ஜூன் கடைசில. மூணு நாள்தான் லீவு கிடைக்கும்” என்றான்.

மூன்று நாள். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போன பிள்ளை. பேத்தி இல்லை, மருமகள் இல்லை. ஆனாலும் எனக்கு அது போதும் என்றிருந்தது. சரிப்பா, சரிப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அடுக்களையிலிருந்து இவர் குரல் கேட்டது. கத்தரிக்காயைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தத்தை மீறி, இத்தனை வருஷத்தில் நான் கேட்டறியாத ஒரு குரல்.

“மூணு நாள் பத்தாதுன்னு சொல்லு, சாந்தா. நாலு நாளா வரச் சொல்லு.”